ஊர் கூடி இழுத்த தேர்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. வாசிக்கும்போது, ஒவ்வொரு முடிவையும் யார் எடுத்தனர், அதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தனர் என்பதைக் குறித்துக்கொள்க.

பங்கோர் தீவுக்குச் சென்று வருபவர்கள் கருவாடோ நெத்திலியோ வாங்காமல் திரும்புவது அரிது. அங்குப் பிடிபடும் மீனின் ஒரு பகுதி ஏன் உலர்த்தி விற்கப்படுகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பச்சை மீன் காத்திருக்காது, கருவாடு காத்திருக்கும். தீவில் தொழில் செய்பவருக்கும் அவருடைய பொருளை வாங்குபவருக்கும் இடையே எப்போதும் ஒரு கடல் இருக்கிறது. அந்தக் கடலைக் கடக்க நேரமும் பணமும் தேவைப்படுகின்றன.

தீவுகளில் தொழில் வளராமைக்குப் பல காரணங்கள் உள்ளன. மூலப்பொருளைக் கொண்டுவரவும் செய்த பொருளை அனுப்பவும் இருமுறை கப்பல் கட்டணம் செலுத்த வேண்டும். உள்ளூரில் வாங்குவோர் சிலரே. படித்த இளையோர் வேலை தேடிப் பெருநிலத்துக்குச் சென்றுவிடுகின்றனர். இத்தகைய இடங்களைப் பெரிய தொழிற்சாலைகள் நாடுவதில்லை. எனவே, தீவு மக்களின் வாழ்வு பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழில்களையே நம்பியிருக்கிறது.

இத்தொழில்களை யார் வளர்ப்பது? அரசாங்கம் பணம் தரலாம். ஆனால், எந்தப் பொருள் விலைபோகும் என்பது அதற்குத் தெரியாது. தொழில்முனைவருக்கு அது தெரியும். ஆனால், குளிர்பதனக் கூடமும் படகுத்துறையும் கட்ட அவரிடம் பணம் இல்லை. கடலையும் நிலத்தையும் ஊர்மக்கள் நன்கு அறிவர். ஆனால், அவர்களிடம் அதிகாரம் இல்லை. இம்மூன்று தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து, முடிவையும் செலவையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்வதே கூட்டு ஆளுகை எனப்படும். மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, முடிவை மட்டும் அதிகாரிகள் எடுப்பது கூட்டு ஆளுகை ஆகாது.

இதை நன்கு விளங்கிக்கொள்ள, ஜப்பானில் உள்ள ஒரு சிறிய தீவின் அனுபவத்தைக் காண்போம்.

கடனில் மூழ்கிய தீவு

ஜப்பானின் மேற்குக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் ஓக்கித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான நகானோஷிமாவில் அமைந்துள்ள ஊர் அமா. இது ஷிமானே மாநிலத்தைச் சேர்ந்தது. பெருநிலத்திலிருந்து பயணிகள் கப்பலில் சென்றால் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 1221ஆம் ஆண்டு, போரில் தோற்ற கோதோபா என்னும் முன்னாள் ஜப்பானியப் பேரரசர் இத்தீவுக்குத்தான் நாடுகடத்தப்பட்டார். அவ்வளவு ஒதுக்குப்புறமான இடம் அது.

1950ஆம் ஆண்டில் அமாவில் ஏறத்தாழ 7000 பேர் வாழ்ந்தனர். பின்னர், ஒவ்வொரு தலைமுறையிலும் இளையோர் வெளியேறினர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மக்கள்தொகை சுமார் 2500 ஆகக் குறைந்துவிட்டது. 1953ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் தொலைதூரத் தீவுகளின் மேம்பாட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் துணையோடு அமாவில் சாலைகளும் துறைமுகங்களும் கட்டப்பட்டன. கட்டுமான வேலை பலருக்குச் சோறு போட்டது. ஆனால், அந்தப் பணிகளுக்கு ஊராட்சி மன்றமும் தன் பங்காகக் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டளவில் கடன் சுமார் 10 பில்லியன் யென்னை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் மத்திய அரசாங்கம் உள்ளூர் மன்றங்களுக்கு வழங்கும் நிதியையும் குறைத்தது.

அப்போது அமாவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அண்டைத் தீவுகளின் மன்றங்களோடு இணைந்துவிடுவது. அக்காலத்தில் ஜப்பானில் நூற்றுக்கணக்கான சிறு மன்றங்கள் அவ்வாறு இணைந்தன. மற்றொன்று, தனித்து நின்று போராடுவது. தீவுகளுக்கு இடையே கடல் இருப்பதால், மன்றங்களை இணைத்தாலும் செலவு பெரிதாகக் குறையாது. முடிவெடுக்கும் இடம் மட்டும் தொலைவாகிவிடும். பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு, அமா தனித்து நிற்கவே தீர்மானித்தது.

முதலில் விட்டுக்கொடுத்தவர் யார்?

2002ஆம் ஆண்டில் மிச்சியோ யாமாவுச்சி ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழில் வளர வேண்டுமானால் மன்றம் முதலீடு செய்ய வேண்டும். முதலீட்டுக்குப் பணம் இல்லை. அவர் முதலில் தம் சம்பளத்தையே குறைத்துக்கொண்டார். 2005ஆம் ஆண்டில் அவருடைய சம்பளம் பாதியானது. மன்றப் பணியாளர்களும் முன்வந்து, தங்கள் சம்பளத்தில் 16 முதல் 30 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டனர். அவ்வாறு மிஞ்சிய பணத்தின் ஒரு பகுதி, குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு உதவியாக வழங்கப்பட்டது.

இந்தச் செயலின் பயன், சேமித்த தொகையோடு நின்றுவிடவில்லை. அதிகாரிகள் உண்மையாகவே ஊருக்காக உழைக்கின்றனர் என்ற நம்பிக்கை மக்களிடம் பிறந்தது. மூத்த குடிமக்கள் சிலர், தங்களுக்குரிய பேருந்துக் கட்டணச் சலுகை வேண்டாம் என்று தாங்களாகவே சொன்னார்கள். கூட்டு ஆளுகைக்கு நம்பிக்கையே அடித்தளம். அந்த நம்பிக்கை அமாவில் சொற்பொழிவால் வரவில்லை. மேலே இருப்பவர் முதலில் இழப்பை ஏற்றுக்கொண்டதால் வந்தது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பான பிரிவுகள், மன்றக் கட்டடத்திலிருந்து துறைமுகக் கட்டடத்திற்கு இடம் மாற்றப்பட்டன. மீனவர் வலையை இறக்கும் இடத்தில், சுற்றுப்பயணி கப்பலிலிருந்து காலடி வைக்கும் இடத்தில் அதிகாரிகள் அமர்ந்தனர். மனு எழுதிக்கொண்டு மக்கள் மன்றத்தைத் தேடிச் சென்ற நிலை மாறி, மன்றம் மக்களைத் தேடி வந்தது.

நத்தைக் கறியும் கருப்பு மாடும்

விற்பதற்குத் தீவில் என்ன இருந்தது? இக்கேள்விக்கான விடைகளுள் ஒன்றை வெளியூரார் கண்டுபிடித்தனர். 1998ஆம் ஆண்டு முதல் அமா மன்றம், வெளியூர் இளையோரைப் பயிற்சியாளர்களாக வரவழைத்து, சம்பளம் தந்து, தீவிலேயே வாழச் செய்தது. தீவில் கிடைக்கும் பொருள்களிலிருந்து விற்கத்தக்கவற்றை உருவாக்குவதே அவர்களுடைய வேலை.

அமாவில் ‘சஸாயே’ என்னும் கடல் நத்தை ஏராளமாகக் கிடைக்கும். இறைச்சி எளிதில் கிடைக்காத தீவு என்பதால், வீடுகளில் இறைச்சிக்குப் பதிலாக இந்த நத்தையைப் போட்டுக் கறி சமைப்பது வழக்கம். ஊராருக்கு அது வழக்கமான உணவுதான். வெளியிலிருந்து வந்தவர்களுக்கோ அது புதுமையாக இருந்தது. நாள்பட இருக்கும் உறையில் அடைக்கப்பட்ட நத்தைக் கறி, அமாவின் பெயரை வெளியே கொண்டுசென்ற முதல் பொருள்களுள் ஒன்றாயிற்று. உள்ளூராரின் சமையலும் வெளியூராரின் பார்வையும் மன்றத்தின் சம்பளமும் சேர்ந்து அதனை உருவாக்கின.

இரண்டாவது எடுத்துக்காட்டு, மாடு வளர்ப்பு. ஓக்கித் தீவுகளில் கருப்பு மாடுகள் நெடுங்காலமாக வளர்க்கப்படுகின்றன. ஆனால், கன்றுகள் சிறு வயதிலேயே பெருநிலத்துக்கு விற்கப்பட்டன. அங்கே கொழுக்க வளர்க்கப்பட்டு, வேறு ஊர்களின் புகழ்பெற்ற பெயர்களில் விற்பனையாயின. உழைப்பு தீவினுடையது, பெயரும் இலாபமும் பிறருடையவை.

அரசாங்கக் கட்டுமானப் பணிகள் குறைந்ததால், அமாவின் கட்டுமான நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்ய வேண்டிய நிலைக்கு வந்தது. அந்நிறுவனம் மாடு வளர்க்க முன்வந்தது. ஆனால், அக்காலச் சட்டப்படி ஒரு நிறுவனம் விவசாய நிலத்தை எளிதில் குத்தகைக்குப் பெற முடியாது. மன்றம் மத்திய அரசாங்கத்தை அணுகி, 2004ஆம் ஆண்டில் சிறப்பு மண்டல அனுமதியைப் பெற்றுத் தந்தது. 2006ஆம் ஆண்டில் ‘ஓக்கி மாட்டிறைச்சி’ என்ற சொந்தப் பெயரோடு தோக்கியோ சந்தைக்குச் சென்று, உயர்ந்த தரத்தைப் பெற்றது. இங்கே மன்றம் மாடு வளர்க்கவில்லை. தனியாரால் திறக்க முடியாத சட்டக் கதவைத் திறந்துவிட்டது. எஞ்சியதைத் தனியார் செய்தனர்.

நேரத்தை வென்ற உறைபதனம்

மீனவர்களின் சிக்கல் இன்னும் கடினமானது. அமாவின் கடலில் வெள்ளைக் கணவாயும் பாறைச் சிப்பியும் தரமானவை. எனினும், கப்பலில் ஏற்றிப் பெருநிலச் சந்தையை அடைவதற்குள் புத்துணர்வு குறைந்துவிடும், விலையும் இறங்கிவிடும். கரைக்கு அருகில் உள்ளவர்களோடு போட்டியிட முடியாது.

2005ஆம் ஆண்டில், மன்றத்தின் முதலீட்டில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிடித்த உணவுப்பொருளைச் சுவையும் தன்மையும் கெடாமல் உறையவைக்கும் புதிய வகைக் கருவி நிறுவப்பட்டது. கடன்பட்ட ஓர் ஊருக்கு இது பெரும் செலவு, துணிவான முடிவு. மீனவர்கள் கணவாயையும் சிப்பியையும் அங்குக் கொடுத்தனர். தீவுப் பெண்களும் புதிதாகக் குடியேறியவர்களும் அங்கு வேலை பார்த்தனர். உறையவைத்த பொருள்கள் பெருநகர உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் நேரடியாக விற்கப்பட்டன. அன்றைய கப்பலையும் அன்றைய ஏலத்தையும் மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது. எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பதைத் தீவே தீர்மானிக்கத் தொடங்கியது.

பங்கோரின் வெயில் செய்யும் வேலையைத்தான் அமாவில் உறைபதனக் கருவி செய்தது. இரண்டும் தொழில்செய்பவருக்கு நேரத்தைத் தருகின்றன.

பள்ளியும் தொழிலும்

தொழில் தொடங்கினால் போதுமா? அதை நடத்த அடுத்த தலைமுறை வேண்டாமா? மூன்று சிறு தீவுகளுக்கும் பொதுவான ஒரே உயர்நிலைப்பள்ளி, ஓக்கி டோசென் உயர்நிலைப்பள்ளி. 2008ஆம் ஆண்டளவில் அப்பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கை 90ஐ ஒட்டி வந்துவிட்டது. பள்ளி மூடப்பட்டால், 15 வயதிலேயே பிள்ளைகள் கடல் கடந்து தங்கிப் படிக்க வேண்டும். செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விடும். அப்படி நேர்ந்தால், சிப்பி வளர்க்கவும் உறைபதனக் கூடத்தை நடத்தவும் ஆள் இருக்காது.

அந்தப் பள்ளி மாநில அரசாங்கத்திற்குச் சொந்தமானது. அமா மன்றத்திற்கு அதன்மீது அதிகாரம் இல்லை. எனவே, மூன்று தீவுகளின் மன்றங்களும் பள்ளியும் மாநில அரசாங்கமும் பெற்றோரும் இணைந்து செயல்பட வேண்டியதாயிற்று. தீவின் உண்மையான சிக்கல்களை ஆராய்வது பாடத்தின் ஒரு பகுதி ஆக்கப்பட்டது. பள்ளி நேரத்திற்குப் பிறகு கற்பதற்கு ஒரு பொதுக் கற்றல் மையம் அமைக்கப்பட்டது. வேறு மாநில மாணவர்களும் விடுதியில் தங்கிப் படிக்க வரவேற்கப்பட்டனர்.

2009ஆம் ஆண்டில், உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான தேசியச் சுற்றுலாத் திட்டப் போட்டியில் இப்பள்ளி மாணவர்கள் முதன்மைப் பரிசை வென்றனர். அவர்கள் காட்சிகளைச் சுற்றிக்காட்டும் பயணத்தைத் திட்டமிடவில்லை. தீவு மக்களைச் சந்தித்துப் பழகுவதையே பயணத்தின் நோக்கமாக்கினர். தங்கள் ஊரின் செல்வம் அதன் மனிதர்களே என்பதை உங்கள் வயதுடையவர்கள் கண்டுகொண்டனர். சில ஆண்டுகளில் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகியது.

ஒருவர், பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர்

2009ஆம் ஆண்டில் அமா தன் பத்தாண்டு வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. அதை அதிகாரிகள் மட்டும் அறைக்குள் அமர்ந்து எழுதவில்லை. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெளியே சென்று திரும்பியவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் ஆகிய மூவகையினரும் மன்றப் பணியாளர்களோடு சேர்ந்து குழுக்களாகப் பிரிந்து பேசினர். மனிதர், வாழ்க்கை, தொழில், சுற்றுச்சூழல் என்பன அக்குழுக்களின் தலைப்புகள்.

அவர்கள் 24 செயல்திட்டங்களை முன்வைத்தனர். அவற்றை வகைப்படுத்திய முறை கவனிக்கத்தக்கது. ஒருவராகச் செய்யக்கூடியவை, பத்துப் பேர் சேர்ந்து செய்யக்கூடியவை, நூறு பேர் சேர்ந்து செய்யக்கூடியவை, ஆயிரம் பேர் சேர்ந்து செய்யக்கூடியவை என நான்கு வகைகளாகப் பிரித்தனர். ஆயிரம் பேர் தேவைப்படும் செயலுக்கு மன்றத்தின் துணை வேண்டும். ஆனால், ஒருவராலும் பத்துப் பேராலும் இயலும் செயல்களுக்கு எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. “இது அரசாங்கம் செய்ய வேண்டியது” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள அந்தத் திட்டம் யாருக்கும் இடம் தரவில்லை.

2011ஆம் ஆண்டில் அமா ஒரு முழக்கவரியை ஏற்றது: “நாய் மோனோ வா நாய்”. ஜப்பானிய மொழியில் இதற்கு இரு பொருள் உண்டு. ‘இல்லாதது இல்லைதான்’ என்பது ஒன்று. ‘இங்கே இல்லாதது எதுவுமில்லை’ என்பது மற்றொன்று. நகரத்து வசதிகள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவும், வாழ்வுக்கு வேண்டியவை இருக்கின்றன என்று நிமிர்ந்து சொல்லவும் அவ்வொரு வரியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இக்கதை நமக்குச் சொல்வது

கிறிஸ் அன்செல், அலிசன் கேஷ் என்னும் இரு ஆய்வாளர்கள், பல துறைகளில் நடந்த 137 கூட்டு ஆளுகை முயற்சிகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நேருக்கு நேர் உரையாடல், நம்பிக்கை, பொதுவான புரிதல் ஆகியவை வெற்றிக்குத் தேவை என்று அவர்கள் கண்டனர். தொடக்கத்திலேயே சிறு வெற்றிகள் கிடைப்பதும் நம்பிக்கையை வளர்க்கும் என்றனர். அமாவில் நத்தைக் கறி அத்தகைய சிறு வெற்றி. அது பெரும் பணம் ஈட்டித் தந்ததால் முக்கியமாகவில்லை. நம்மாலும் முடியும் என்று ஊருக்குக் காட்டியதால் முக்கியமாயிற்று.

அமா எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்று கூற இயலாது. 2004ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்டோர் அங்குக் குடியேறினர். ஆயினும், அனைவரும் நிலைத்துத் தங்கிவிடவில்லை. முதியோர் மிகுந்த ஊரில் பிறப்பைவிட இறப்பே அதிகம். 2010க்கும் 2020க்கும் இடையில் மக்கள்தொகை ஏறக்குறைய 2300 என்ற அளவில் நின்றதேயன்றிப் பெருகவில்லை. சம்பளக் குறைப்பை எல்லா ஊர்களும் என்றென்றும் பின்பற்ற முடியாது. நல்ல தலைவர் விலகிய பின்னும் கூட்டு முயற்சி தொடருமா என்பது எந்த ஊருக்கும் உள்ள சோதனை.

எனினும், தேய்ந்துகொண்டே போன ஓர் ஊர் சரிவைத் தடுத்து நிறுத்தியது சிறிய செயலன்று. தேரை ஒருவர் இழுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், வடத்தில் கை வைத்த அனைவரும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். யாரும் வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அமாவில் தலைவர் சம்பளத்தை விட்டார். அதிகாரி தம் அறையை விட்டார். மூத்தோர் சலுகையை விட்டனர். ஒவ்வொருவரும் ஒன்றை விட்டதனால்தான் தேர் நகர்ந்தது.

அருஞ்சொல் விளக்கம்

ஆளுகை – ஓர் அமைப்பையோ ஊரையோ வழிநடத்தி நிருவகிக்கும் முறை
பெருநிலம் – தீவுக்கு எதிரே உள்ள பெரிய நிலப்பகுதி
குத்தகை – குறிப்பிட்ட காலத்திற்குப் பணம் செலுத்தி நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை
உறைபதனம் – உணவுப்பொருளை உறையவைத்துக் கெடாமல் காத்தல்
வடம் – தேர் இழுக்கும் தடித்த கயிறு

பயிற்சி

1. மக்களிடம் கருத்துக் கேட்பதற்கும் கூட்டு ஆளுகைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அண்டைத் தீவுகளின் மன்றங்களோடு இணைவதால் அமாவுக்குப் பெரும் பயன் இராது எனக் கருதப்பட்டது ஏன்?
3. மாடு வளர்ப்பில் மன்றத்தின் பங்கையும் தனியாரின் பங்கையும் வேறுபடுத்தி எழுதுக.
4. ‘பள்ளியைக் காப்பது தொழிலைக் காப்பதாகும்.’ இக்கூற்றை அமாவின் அனுபவத்தைக் கொண்டு விளக்குக.
5. மன்றப் பணியாளர்களின் சம்பளத்தைக் குறைத்துத் தொழிலில் முதலீடு செய்தது சரியான முடிவா? உங்கள் கருத்தைக் காரணங்களோடு எழுதுக.
6. குழு நடவடிக்கை: உங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறுதொழிலைத் தேர்ந்தெடுத்திடுக. அதன் வளர்ச்சிக்கு ஒருவராகச் செய்யக்கூடியது, பத்துப் பேர் செய்யக்கூடியது, நூறு பேர் செய்யக்கூடியது என மூன்று பரிந்துரைகளைக் கலந்துரையாடி வகுப்பில் படைத்திடுக.